கண்ணாடியைக் கூட்டாதேங்கோ

அன்று காலை கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, நான், பக்கத்துக் கடை பேக்கரிக்காரர். அப்பா இல்லை. பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். செய்தி போனபிறகும் பாதி வேலையில் விட்டுவிட்டு வர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பொலிஸ் இல்லை, வருகிறோம் என்றிருந்தார்கள். முன்கதவின் கண்ணாடியும் அதன் இடத்தில் இல்லை, தரை முழுவதும் கிடந்தது. சிகரெட் அலமாரி துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. அம்மா தும்புத்தடியை எடுத்துக் குனிந்தபோது போன் அடித்தது. உள்ளூர்த் தேர்தலில் நிற்கிற எங்கள் தமிழர்.

“அக்கா, கண்ணாடியைக் கூட்டாதேங்கோ. நான் வாறன். பத்தே நிமிசம்.”

அம்மா தும்புத்தடியைச் சுவரோடு சாத்தினார். “பொலிசுக்குத் தடயம் வேணுமாக்கும். விசயம் தெரிஞ்ச மனிசன்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் வந்து நின்றார். சேட்டுக்கு மேல் மினுங்கும் மஞ்சள் அங்கி. வீதி திருத்துகிறவர்கள் போடுவது. அவர் எந்த வீதியையும் திருத்தியவர் அல்ல, ஆனால் அந்த அங்கி இல்லாமல் அவரை நான் பார்த்தது குறைவு. அம்மாவிடம் “கவலைப்படாதேங்கோ அக்கா” என்றார். பிறகு தரையைப் பார்த்தார். கண்ணாடித் துண்டுகள் பெரும்பாலும் அலமாரியின் ஓரமாகச் சிதறிக் கிடந்தன. சப்பாத்து நுனியால் அவற்றை நடுவுக்குத் தள்ளினார். ஒரு பெரிய துண்டைக் குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, இன்னும் கொஞ்சம் முன்னால் வைத்தார். தன்னுடைய போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நீங்கள் படம் எடுங்கோ. நிலம் சேர்ந்து விழவேணும். நான் கீழ பாக்கிற மாதிரி நிக்கிறன்.”

எடுத்தேன். நன்றாகத்தான் விழுந்திருந்தது.

அவர் போனபிறகு பொலிஸ் வந்தது. சமோவாப் பெண் ஒருத்தி, என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முழங்காலில் இருந்து தரையைப் பார்த்துவிட்டு, இது யாருடைய கால் என்று கேட்டாள். கண்ணாடித் தூளில் தெளிவாகப் பதிந்திருந்த ஒரே சப்பாத்து அவருடையது.

லின்ஃபீல்டில் ஒரு சரிவின் அடியில் நாலு கடைகள் வரிசையாக இருக்கும்: பேக்கரி, எங்கள் டெய்ரி, சலவைக்கடை, மூடிக் கிடக்கும் ஒரு முடிதிருத்தகம். டெய்ரி என்றால் பால்பண்ணை அல்ல; பாணும் பாலும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடை. சிகரெட் விலை ஏற ஏற டெய்ரிகளை உடைப்பதும் ஏறிக்கொண்டிருந்த காலம். அப்பா களஞ்சியத்துக்குப் போவார், அம்மா தனியாகக் கல்லாவில் நிற்பார். எங்கள் வீட்டின் பயம் முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலத் தாள் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். அப்பா மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா எட்டாம் வகுப்பு. வங்கியிலிருந்து வருவது, வரித் திணைக்களத்திலிருந்து வருவது, வாடகைக் கடிதம் எல்லாமே மேசையில் எனக்காகக் காத்திருக்கும். நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தேன். அதனால் தேர்தலில் நிற்கப்போகிற அந்த மனிதர் என் தோளில் கைபோட்டு “இவர்தான் எங்கட ஆலோசகர்” என்று நாலு பேருக்குச் சொன்னபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு விரிந்தது. இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னான இரண்டு மாதமும் அவருடைய துண்டுப்பிரசுரங்களைச் சுமந்தேன்.

அவருக்கு மூன்று தமிழ் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் “ஓம், ஓம், கதைப்பம்.” அடுத்த வாசலில் தமிழ்நாட்டுக்காரர் கதவைத் திறந்தால் “ஆமாங்க, உக்காந்து பேசிருவோம்.” அதற்கடுத்தது மலேசியத் தமிழர் வீடு என்றால் படியேறும்போதே “என்னா லா, சாப்டாச்சா?” கதவு மூடியதும் முகம் ஒரு வாடகை வீடு மாதிரி வெறிச்சோடிவிடும். அவருடைய சொந்த ஊர் யாருக்கும் தெரியாது. அம்மா ஒருநாள் நேராகவே கேட்டார்.

“அண்ணை, நீங்கள் எந்த ஊர்?”

“நான் எல்லா ஊரும்தான், அக்கா.”

அவர் போனதும் அம்மா பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “ஊரைச் சொல்ல என்ன, வரியே கேக்கினம்? அதை விடு. என்னைப் பாத்து அக்காவாம். என்ர அப்பரோட பள்ளிக்கூடம் போயிருப்பார்.”

“பாதுகாப்பு எண்டது கண்ணுக்குத் தெரியவேணும்.” இது அவர் எல்லா வீட்டிலும் சொன்னது. பொலிஸ் கண்ணுக்குத் தெரியவேணும், கமரா தெரியவேணும், பாதுகாக்கிற ஆளும் தெரியவேணும். கடைசியில் சொன்ன ஆள் தான்தான் என்பதைச் சொல்லாமல் அங்கியைச் சற்று இழுத்துவிட்டுக்கொள்வார். வெற்றிபெற்றால் எங்கள் பகுதிக்குக் கூடுதல் பொலிஸ் கொண்டுவருவேன் என்று பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

அந்தச் சமோவாப் பெண் இரண்டாம் முறை கடைக்கு வந்தபோது நான் அந்தப் பிரசுரத்தைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். எங்களை அனுப்புவது தலைநகர் வெலிங்டனில் இருக்கிற எங்கள் மேலிடம், உள்ளூர்ச் சபையால் ஒரு கான்ஸ்டபிளைக்கூட இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கு நகர்த்த முடியாது என்றாள். வேண்டுமானால் விளக்குப் போடலாம், கமராவுக்குக் காசு ஒதுக்கலாம். பிறகு கடையின் முன்கண்ணாடியைக் கைகாட்டினாள். அதில் ஐஸ்கிரீம், தொலைபேசி அட்டை, லொத்தர் என்று விளம்பரங்கள் ஒட்டியிருந்தன. “இதையெல்லாம் எடுத்துவிடுங்கள். வீதியில் போகிறவனுக்குக் கல்லா தெரியவேண்டும். தெரிகிற கடைக்குள் நுழையக் கள்ளன் யோசிப்பான்.”

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மாவும் நானும் சுடுதண்ணீரும் பழைய வங்கி அட்டையுமாக அவ்வளவையும் சுரண்டி எடுத்தோம். மூன்று மணித்தியாலம். கடைக்குள் முதல்முறையாக வெயில் விழுந்தது. அம்மா கல்லாவில் நின்று வெளியே கையசைத்தார். பேக்கரிக்காரர் தன்னுடைய கடைக்கு வெளியே வாங்கிலில் உட்கார்ந்தபடி பதிலுக்குக் கையசைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் தன்னுடைய பதாகையோடு வந்தார். ஆள் உயரம். அங்கியோடு கைகட்டி நிற்கிற அவருடைய படம், கீழே ‘பாதுகாப்பான தெருக்கள்’ என்று ஆங்கிலத்தில். முன்கண்ணாடியின் முக்கால்வாசியை அது மூடியது. உள்ளே மறுபடி இருட்டு.

பொலிஸ் சொன்னதை நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நாலாவது மூலையைத் தேய்த்து ஒட்டினார்.

“மூண்டு கிழமை, தம்பி. தேர்தல் முடியட்டும், நானே வந்து கழட்டுறன்.”

“இல்லை, அம்மா தனிய நிக்கிறவ…”

“அதுக்குத்தானே இது! என்ர முகத்தைக் கண்டா ஒருத்தனும் உள்ள வரான்.”

இன்னொன்றையும் கேட்டேன். சபையால் பொலிசைக் கொண்டுவர முடியாதாமே என்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பாசத்தோடு பார்த்தார்.

“அது எனக்குத் தெரியாதே, தம்பி? ‘லைட் போடுவன்’ எண்டு எழுதினா ஆர் வாசிப்பினம்? ‘பொலிஸ்’ எண்டு எழுதினாத்தான் தாளைக் கையில வச்சுப் பாப்பினம்.”

நான் அங்கேயே அந்தப் பதாகையைக் கிழித்திருக்க வேண்டும். அரசியல் படிக்கிறவன். இரண்டாம் ஆண்டில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவன். மறுநாள் அவருடைய பிரசுரக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

இங்கே உள்ளூர்த் தேர்தலுக்கு வாக்குச்சாவடி கிடையாது. வாக்குச்சீட்டு தபாலில் வரும், வீட்டிலிருந்து நிரப்பித் தபாலில் போடவேண்டும், அல்லது நூலகத்தில் வைத்திருக்கும் பெட்டியில். மேயர், சபை உறுப்பினர்களுக்குச் சரி அடையாளம். சுகாதாரச் சபைக்கு மட்டும் ஒன்று, இரண்டு என்று எண். எங்கள் ஆட்களில் பலர் அந்த உறையை மின்கட்டணத்தோடு சேர்த்து மறந்தார்கள். அப்பா மறக்கவில்லை. மாதா படத்துக்குக் கீழே வைத்து, தேர்தல் நாளுக்காகக் காத்திருந்தார். வீட்டு மேசையில் வைத்து நிரப்புவது அவருக்குக் கள்ள வாக்கு மாதிரி. வரிசையில் நிற்கவேண்டும், யாரோ பெயரைக் கூப்பிடவேண்டும். நான் இரண்டு முறை விளக்கினேன். “உனக்குத் தெரியாது, அண்டைக்குத் திறப்பினம்” என்றார். கடைசி நாள் சனிக்கிழமை. காலை வேலை முடித்து வந்து, வெள்ளைச் சேட்டு மாற்றி, உறையோடு நூலகத்துக்குப் போனபோது மணி இரண்டு. பெட்டி நண்பகலோடு மூடப்பட்டிருந்தது.

ஆனால் அதற்கு முந்திய வியாழனைச் சொல்லவேண்டும்.

பின்னேரம் மூன்றரை. நல்ல வெயில். இரண்டு பேர் திறந்திருந்த கதவால் நடந்தே வந்தார்கள். ஒருவன் கையில் சுத்தியல். அம்மா கல்லாப்பெட்டியில் கையை வைத்திருந்தார். எடுக்கச் சொன்னான், பயத்தில் அம்மாவுக்கு எடுக்கத் தோன்றவில்லை. மணிக்கட்டில் அடித்தான்.

பேக்கரிக்காரர் அந்த நேரம் முழுவதும் வெளியே வாங்கிலில் இருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்லாவிலிருந்து ஏழெட்டு அடி. நான் விரிவுரையிலிருந்து ஓடிவந்தபோது அம்மாவை அம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டது. யாராவது கடையில் நிற்கவேணும் என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். பேக்கரிக்காரர் கம்போடியாவிலிருந்து வந்தவர், பேச்சுக் குறைந்த மனிதர். என் கையைப் பிடித்து, “சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்” என்றார். “இவர்தான் தெரிந்தார்.” பதாகையைக் காட்டினார்.

அவர் வரமுன் போனில் அவருடைய குரல் வந்தது. “தம்பி, ஒண்டையும் தொடாதேங்கோ. கண்ணாடியைக் கூட்டாதேங்கோ.”

வந்தார். அங்கி. கடைக்குள் கண்ணை ஒரு சுற்று விட்டார்.

“கண்ணாடி உடையேல்லையோ?”

“இல்லை.”

அந்த முகத்தில் ஓடியதை ஏமாற்றம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. வேறு சொல் கிடைக்கவில்லை. பிறகு திரும்பி முன்கண்ணாடியைப் பார்த்தார். அங்கே அவரே கைகட்டி நின்றார், பாதுகாப்பான தெருக்களுக்கு மேலே. அதற்குக் கீழே பொலிசின் மஞ்சள் நாடா. போய்ப் பதாகையின் மூலையை நகத்தால் கிளப்பினார். ஒவ்வொரு மூலையாக, கிழியாமல். உரித்து, சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு, கார் டிக்கியில் வைத்துவிட்டு வந்தார். குற்ற உணர்வாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன்; நான் அவ்வளவு மடையன்.

பேக்கரிக்காரரிடம் போனை நீட்டினார். என் தோளில் கையைப் போட்டார். “இப்ப எடுங்கோ.”

எடுத்து முடிந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாடா படத்தில் விழுந்திருந்தது, பதாகை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. திருப்தி. அப்புறம்தான் கேட்டார்:

“அம்மாவுக்கு எப்பிடி?”

அம்மாவுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பு. பதினொரு கிழமை பிளாஸ்டர். இன்றைக்கும் பால் பெட்டியை இடது கையால்தான் தூக்குகிறார்.

அந்தப் படம் அன்றே முகநூலில் போனது: ‘இதற்காகத்தான் நிற்கிறேன்.’ மிச்சமிருந்த இரண்டு நாளில் எத்தனை பேர் மேசையில் கிடந்த உறையைத் தேடி எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வென்றார்.

அடுத்த வருடம் சபையின் கையில் ஒரே ஒரு கமராவுக்கும் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கும் காசு இருந்தது. எங்கே வைப்பது என்று பொதுக்கூட்டம். நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நாலு கடை, இரண்டு கொள்ளை, ஒரு மணிக்கட்டு. பேச ஐந்து நிமிடம் தந்தார்கள். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தலையாட்டிக்கொண்டே கேட்டார். நல்ல தெளிவாகப் பேசும் இளைஞர் என்று எல்லோருக்கும் முன்னால் ஆங்கிலத்தில் பாராட்டினார். பிறகு வாக்கெடுப்பில் கை தூக்கினார். கமராவும் விளக்கும் ஹில்ஸ்பரோ மேட்டில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் கார் நிறுத்துமிடத்துக்குப் போயின. அங்கே அதற்கு முன் நடந்த குற்றம், நானும் கூட்டத்தில் கேட்டேன், யாரோ குப்பைத்தொட்டிகளைக் கவிழ்த்தது.

வெளியே கார்களுக்கிடையில் அவரைப் பிடித்தேன்.

“எங்கட கடைப் படத்தை வச்சுத்தானே வென்றனீங்கள்?”

“மெதுவா, தம்பி.” சுற்றிப் பார்த்துக்கொண்டார். “மேட்டில இருக்கிறவை எல்லாரும் ஓய்வெடுத்த ஆக்கள். உறை வந்த அண்டே நிரப்பிப் போடினம். உங்கட பக்கத்தில பத்து வீட்டுக்கு ரெண்டு வீடு. நான் கமராவைக் கொண்டு வந்து உங்கட மூலையில வச்சா, அடுத்த முறை எனக்கு ஆர் போடுறது?” கார்க் கதவைத் திறந்தபடி ஒரு சிரிப்பு. “உங்கட அப்பாவே போடேல்லையே.”

அதை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். வென்ற அன்று, பகிடியாக, வெள்ளைச் சேட்டுக் கதையோடு.

வீட்டில் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் கமரா ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டபோது வாய் தவறிவிட்டது. அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார். “பன்னிரண்டு மணிக்கு முன்னம் போயிருக்கலாம்” என்றார். ஒரு வாக்கால் ஒன்றும் மாறியிருக்காது என்று நான் கணக்கோடு விளக்கினேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அந்த மனிதர் செய்தவற்றில் இதைத்தான் என்னால் மன்னிக்க முடியாது. திருடியவனும் அடித்தவனும் வேறு யாரோ. வாக்கை எண்ணி விளக்குப் போட்டவர் அவர். குற்றம் மட்டும் எப்படியோ வெள்ளைச் சேட்டோடு என் அப்பாவின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கிழமையே அம்மா அவருக்குப் போன் எடுத்தார், ஒரு விளக்காவது போட்டுத்தரச் சொல்லி. என் முன்னால்தான், ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். மூன்று தமிழ் தெரிந்தவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: அது பொலிஸ் விடயம், தயவுசெய்து அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள். அம்மா போனை என்னிடம் நீட்டி, “என்ன சொல்லுறார் எண்டு கேள்” என்றார். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

அப்பா தன்பாட்டில் ஆள் பிடித்தார். கல்லாவைச் சுற்றித் தரையிலிருந்து கூரை வரை இரும்புக் கம்பி. பாணும் மிச்சக்காசும் கைமாற ஒரு சின்னத் துவாரம். இரண்டு வருடம் சனி ஞாயிறு மேலதிக வேலை பார்த்து அதற்குக் கட்டினார். கம்பி பொருத்திய அன்று அம்மா உள்ளே போய் நின்று, “கூட்டுக் கோழி மாதிரி இருக்கிறனே?” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து உலுப்பிப் பார்த்தார்.

அடுத்த தேர்தல் வந்தது. ஒரு காலை அவர் கடைக்கு வந்து பால் வாங்கியதாகவும், பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு ஒரு படம் எடுத்ததாகவும் அம்மா சொன்னார். பால் வாங்குகிறவருக்கு எதற்குப் படம் என்று நான் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் தபாலில் வந்தது, வாக்குச்சீட்டு உறை வந்த அதே நாள். வழுவழுப்பான தாள். எங்கள் கம்பியின் மேல் ஒரு கையை வைத்தபடி அவர், அதே அங்கி. கம்பிக்குப் பின்னால் பாதி வெட்டுப்பட்டு அம்மாவின் முகம்.

அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அதில என்ன எழுதியிருக்கு? வாசி.”

ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசித்தேன். ‘நமது கடைகளைப் பாதுகாத்தவர். சொன்னார், செய்தார்.’

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் போய் மாதா படத்துக்குக் கீழே இருந்த மேசை லாச்சியைத் திறந்தார். கம்பி அடித்தவன் தந்த பில்லை, நாலாக மடித்தது, விரித்து அந்தத் தாளுக்கு மேல் வைத்தார்.

“இப்ப இதை வாசி. பலமா வாசி, கொம்மாவுக்கும் கேக்கட்டும்.”

இரும்பு, பொருத்துக்கூலி, வரி எல்லாம் சேர்த்து, நாலாயிரத்து அறுநூற்று எண்பது டொலர்.